மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

மனிதகுலம் தன் உடம்பில் தானே கீறிக்கொண்ட கடைசிக் கோடும் அழிந்த நாள் என்று 2043 பிப்ரவரி பதினொன்றை வரலாறு குறித்துக்கொள்ளும். உழைப்பவனுக்கு இனி எல்லை இல்லை, கடல் இல்லை, கண்ணீரோடு கையசைக்கும் விமான நிலையம் இல்லை. எல்லையற்ற உழைப்புச் சட்டம் நிறைவேறியபோது அவையில் ஒன்பது நிமிடம் மேசையைத் தட்டினார்கள்.

அழிந்த கோட்டைப் பிறகு பேராவூரணியில் கண்டெடுத்தார்கள். மங்களாம்பிகை திருமண மகாலில், மணமேடைக்கும் பந்திக் கூடத்துக்கும் நடுவில், மஞ்சள் பெயின்ட்டில் போட்டிருந்தது. அகலம் நான்கு விரல். கோட்டுக்கு இந்தப் பக்கம் இந்தியா. அந்தப் பக்கம், மணமேடைமேல் வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகளோடு, ஸ்கெல்மார் குடியரசு.

ஸ்கெல்மார் வடகடலில் இருக்கும் குளிர்ந்த நாடு. அங்கே மீன் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. வெளியாட்கள் வந்து குடியிருப்பதிலும் அந்நாட்டு மக்களுக்கு விருப்பமில்லை. எனவே மீன் கிடங்கில் ஆள் உயர எந்திரங்களை நிறுத்தினார்கள். அதைப் பேராவூரணியிலிருந்து இயக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டால், இங்கே விரல் மடங்கும்போது அங்கே எந்திரத்தின் விரல் மடங்கும். அரசு அதற்கு 'தொலைப்பிரதிநிதி' என்று பெயர் வைத்தது. உட்கார்ந்தவர்கள் 'பொம்மை' என்றார்கள்.

சட்டத்தின் நான்காம் பிரிவுதான் உயிர்நாடி. கை எங்கே உழைக்கிறதோ, அங்கேதான் ஆள் இருக்கிறார். காலையில் கண்ணைப் படம்பிடித்ததும் அந்த ஆள் ஸ்கெல்மாருக்குள் நுழைந்துவிட்டார். மாலையில் பொம்மையை வெளியேறும் வாசல்வரை நடத்திப்போய், மறுபடி கண்ணைக் காட்டினால் நாடு திரும்பினார். இடையில் அவர் வெளிநாட்டில் இருப்பதால் இந்தியத் தொழிலாளர் சட்டம் அவருக்குக் கிடையாது. அவருடைய உடம்பு வெளிநாட்டில் இல்லாததால் ஸ்கெல்மார் சட்டமும் கிடையாது. இரண்டு அரசுகளும் இதை ஒரு மனதாக ஒப்புக்கொண்டன. வேறு எதிலும் அவை ஒத்துப்போனதாகத் தகவல் இல்லை.

ஒரு நாளுக்கு ஒரு நுழைவு, ஒரு வெளியேற்றம். நடுவில் சிறுநீர் கழிக்க எழுந்தால்கூட அது நாடு விட்டு நாடு போவது. புது விசா வேண்டும். பத்து மணி நேரம் யாரால் முடியும்?

பேராவூரணிக்காரர்கள் இதற்கு வழி கண்டார்கள். அந்த வட்டாரத்தில் மொய் தெரியாத ஆள் கிடையாது. உன் வீட்டு விசேஷத்துக்கு நான் செய்கிறேன், என் வீட்டுக்கு நீ செய். அதையே நாற்காலிக்கும் கொண்டுவந்தார்கள். நீ பாத்ரூம் போகும்போது நான் உட்காருகிறேன். என் மகள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு நீ உட்கார். கண் காட்டுவது நுழையும்போதும் வெளியேறும்போதும் மட்டும்தானே? நடுவில் யார் கை என்று யார் பார்த்தது? இதற்கு 'மொய் உட்கார்றது' என்று பெயர். அமைச்சகம் இப்படி ஒன்றைக் கனவிலும் நினைத்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் இலக்கியாவின் நாற்காலியில் பவதாரிணி மொய் உட்கார்ந்திருந்தாள். இலக்கியா தஞ்சாவூர் மருத்துவமனையில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி முகிலனுக்கு இருபத்து நாலு வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸ் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. இலக்கியாவின் சிறுநீரகம் பொருந்தியது. அடுத்த வெள்ளிக்கிழமை அறுவைசிகிச்சை; அதைத் தாண்டினால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மதியம் ஒன்று பத்துக்குப் பன்னிரண்டு கண்ணாடிகளும் இருண்டன. ஸ்கெல்மாரில் கம்பெனி திவாலாகி, மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். பொம்மைகள் மீனும் கத்தியுமாக நின்ற இடத்தில் நின்றன. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பன்னிரண்டு பேரும் மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டார்கள். ஆனால் காலையில் கண் காட்டி நுழைந்தவர்கள் யாரும் ஸ்கெல்மாரைவிட்டு வெளியேறவில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனை அனுமதிக் குழுவின் அலுவலர் இலக்கியாவின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க வெளிநாட்டுல இருக்கீங்கம்மா."

"சார், உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க. ஆனா இல்ல. தானம் கொடுக்கிறவங்க நாட்டுக்குள்ள இருக்கணும்."

"தொட்டுப் பாருங்க சார், இருக்கேனான்னு."

"அதெல்லாம் நான் செய்யக் கூடாதும்மா. நாடு திரும்பினதுக்குச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. இணை இயக்குநர் கையெழுத்து வேணும். வியாழக்கிழமைக்குள்ள."

புதன்கிழமை மாலை மூன்று மணிக்குக் கிடங்கில் பதினைந்து நிமிடம் மின்சாரம் கொடுப்பதாக ஸ்கெல்மாரில் திவால் பொறுப்பெடுத்த அதிகாரி ஒப்புக்கொண்டார். அதற்குள் எல்லாரும் பொம்மையை நடத்தி வெளியேற வேண்டும். வெளியேறாமல் நிற்பவர் முதலாளி இல்லாமல் தங்கியவர். 'தலைமறைவு' என்று எழுதப்படும். பத்து வருடம் எந்த நாட்டு நாற்காலியிலும் உட்கார முடியாது. நாடு திரும்பவும் முடியாது, ஏனென்றால் திரும்ப வேண்டுமானால் முதலில் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இலக்கியாவுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருந்தது. திருட்டுக்குப் பயந்து, மின்சாரம் போனால் விழும் ஒரு பூட்டைப் பொம்மைக்கு வைத்திருந்தார்கள். கடைசியாக யார் கை இயக்கியதோ, வாசலைத் தாண்டும்வரை அந்தக் கைக்குத்தான் பொம்மை அசையும். கடைசிக் கை பவதாரிணியுடையது. உள்ளே நுழைந்த கண் இலக்கியாவுடையது. வாசல் கேட்கப்போவது கண்ணை.

"ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில உக்காருவோம்" என்றாள் பவதாரிணி. இலக்கியாவைவிட ஏழு வயது மூத்தவள். மின்சாரம் போன அன்று அவளுக்கு விடுமுறை, அதனால் அவள் எந்த நாட்டிலும் மாட்டவில்லை. "கண்ணாடி உனக்கு, கையுறை எனக்கு. நீ பாத்துச் சொல்லு, நான் நடத்துறேன்."

"தெரிஞ்சா உங்களையும் பிடிப்பாங்கக்கா. அஞ்சு வருஷம் உக்கார விட மாட்டாங்க."

"என் மவ காதுகுத்துக்கு நீ எட்டு மணி நேரம் உக்காந்திருக்க. இதுல போயி கணக்குப் பாக்குறியே!"

புதன்கிழமை இரண்டு மணிக்கு அமைச்சகத்தின் இணை இயக்குநர் கதிரொளி மூன்று கார்களில் வந்து இறங்கினார். நான்காம் பிரிவை எழுதியவர் அவர்தான் என்று அவரே சொல்லுவார். மேற்பார்வையாளர் சதீஷ்குமார் மைக் பிடித்துக் கொடுத்தார். பன்னிரண்டு பேருக்கு மைக் தேவைப்படவில்லை, கதிரொளிக்குத் தேவைப்பட்டது.

"தாயகம் தன் பிள்ளைகளை இரு கரம் நீட்டி வரவேற்கக் காத்திருக்கிறது" என்று ஆரம்பித்து இருபத்தைந்து நிமிடம் பேசினார். பிள்ளைகள் தாயகத்தின் பந்திக் கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும் இலக்கியா எழுந்து, வேறு வழியில்லாமல், நடந்ததைச் சொன்னாள்.

கதிரொளியின் முகம் சுருங்கியது.

"அதாவது, ஒருவர் நுழைந்த இடத்தில் இன்னொருவர் இருந்திருக்கிறார்."

"ஒரு மூணு மணி நேரம் சார். ஆஸ்பத்திரிக்கு."

"இது ஆள்மாறாட்டம். ஒரு நாற்காலி, ஓர் ஆள், ஒரு நாடு. சட்டத்தின் ஆன்மாவே அதுதான்."

"சார், தம்பிக்கு வெள்ளிக்கிழம ஆபரேசன். இன்னைக்கு நான் வெளிய வரலேன்னா அவன்..."

"உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறேன்" என்றார் கதிரொளி. இந்த வாக்கியத்தை அவர் எங்கே சொன்னாலும் அடுத்து 'இல்லை' என்றுதான் வரும். "விதியில் இடமில்லை. இருவரும் மேடையில் ஏறினால் நான் புகார் எழுதவேண்டி வரும்."

இலக்கியா மேடையில் வெறுமையாக இருந்த தன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மணி இரண்டு நாற்பது.

அப்போதுதான் சதீஷ்குமாரின் கைபேசிக்கு ஸ்கெல்மாரிலிருந்து பட்டியல் வந்தது. வரிசைப்படி பெயர்களை வாசித்தார். வாசித்து முடித்தவர் திரும்ப எண்ணினார்.

"பதிமூணு வருது சார்."

"பன்னிரண்டு."

"கிடங்குல பொம்மைய எண்ணியிருக்காங்க சார். பதிமூணு நிக்குதாம். கடைசிப் பேரு..." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஆ. கதிரொளி. நுழைஞ்சது மூணு வருஷத்துக்கு முன்னாடி, தொடக்கவிழா அன்னைக்கு. வருகையின் நோக்கம், கைகுலுக்குதல்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவது பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கடினமாக இருந்தது.

தொடக்கவிழாவில் கதிரொளி விளக்க நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பொம்மையின் கையால் அந்நாட்டு அமைச்சரின் கையைக் குலுக்கியிருந்தார். புகைப்படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. படம் எடுத்ததும் கைதட்டல் நடுவே எழுந்து சாப்பிடப் போய்விட்டார். வாசல்வரை நடத்திப்போய்க் கண்ணைக் காட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

"அப்ப சார் மூணு வருஷமா வெளிநாட்டுலயா இருக்காங்க?" என்று பவதாரிணி நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

கதிரொளி மைக்கைக் கீழே வைத்தார். மூன்று வருடமாகத் தான் போட்ட கையெழுத்துகள் அவர் மனக்கண்ணில் ஓடியிருக்க வேண்டும். இந்தியாவில் இருந்துதான் போட முடிகிற கையெழுத்துகள்.

"அந்த நாற்காலி எங்கே?"

"மாப்பிள்ளை ரூம்ல, போர்வை போட்டு மூடியிருக்கு சார். காட்சிக்கு வச்சது, கைப்பூட்டு கிடையாது. யாரு கைக்கும் அசையும். ஆனா..." சதீஷ்குமார் தயங்கினார். "சாருக்கு நடத்த வராதே. எனக்கும் வராது."

மூன்று வருடமாக மேற்பார்வை பார்த்தவர், கையுறையைத் தொட்டதில்லை.

"வெளியே வரும் வேறொருவரை..."

"முதலாளி இல்லாம வெளிய வந்தவங்க கைய கையுறை திரும்ப ஏத்துக்காது சார். விதி. பன்னெண்டாம் பிரிவு. நீங்க எழுதினதுதான்."

எந்த நாட்டிலும் மாட்டாத, நடத்தத் தெரிந்த கை அந்த மகாலில் ஒரு சோடிதான் இருந்தது. எல்லாரும் பவதாரிணியைப் பார்த்தார்கள். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"செய்யிறேன் சார். கண்ணு உங்களது, கை என்னது. ஆனா ரெண்டு பேரு ஒரே நாற்காலின்னா ஆள்மாறாட்டம்னு இப்பதான் சொன்னீங்க."

"இது அரசுப் பணி" என்றார் கதிரொளி. "முதலில் என்னுடையதை முடித்துவிடுங்கள்."

"அவ தம்பிக்கு வெள்ளிக்கிழம ஆபரேசன். உங்களுக்கு வெள்ளிக்கிழம என்ன சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆய்வுக் கூட்டம்."

"அப்ப அவ முதல்ல."

"அம்மா, நான் நினைத்தால் உங்களை..."

"எழுதிக்குங்க சார். எழுதிட்டு யாரு கைய வச்சு நடக்கப்போறீங்க?"

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. கதிரொளி மாப்பிள்ளை அறைக்குள் போனார். பவதாரிணி நாற்காலியில் உட்கார்ந்து கையுறையை மாட்டினாள். கண்ணாடியின் ஒயர் ஒரு முழம்கூட இல்லை. இலக்கியா அவள் மடியில்தான் உட்கார வேண்டியிருந்தது.

"காதுகுத்துற புள்ள மாதிரி இருக்கடி. அசையாத. வலது இடதுன்னு சொல்லாத, எனக்கு மண்டையில ஏறாது. சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு சொல்லு."

கண்ணாடியில் வெளிச்சம் வந்தது.

இலக்கியா பார்த்தாள். நீளமான கிடங்கு, தரையெல்லாம் பனி. முன்னால் பதினொரு பொம்மைகளும் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தன. தொலைவில் வாசல், அதன் பச்சைச் சட்டம் உள்ளங்கை அளவு தெரிந்தது. பக்கத்தில் கனத்த கோட்டு போட்ட ஒரு மனிதர் கடிகாரத்தைப் பார்த்து நின்றார்.

"நேரா போக்கா."

கால் அசையவில்லை.

"பீச்சாங்கால் ஒட்டிக்கிச்சுடி. எனக்கு இழுக்குது. என்ன இருக்கு கீழ?"

"மீன்தண்ணி ஒறஞ்சு கெடக்கு. கையில கத்தி இருக்கு. குனிஞ்சு கொத்துங்கக்கா."

"எங்க கொத்த? எனக்கு என்ன தெரியுது?"

"இன்னும் கீழ. சோத்தாங்கை பக்கம் ஒரு சாண். இல்ல, கால்மேல போடாதீங்க! இந்தப் பக்கம். ஆங், அதான். கொத்து."

ஒன்பது கொத்துக்குப் பிறகு பொம்மையின் கால் விடுபட்டது. நான்கு நிமிடம் போய்விட்டது. வாசலில் ஹரிராஜ் வெளியேறினான், அடுத்து ரக்‌ஷிதா. மேடையில் ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றினார்கள். மடியும் கையுமாகக் கிடந்த இருவரையும் பார்த்து, "கவுந்த தொட்டி ஒண்ணு நடுவுல கெடக்கு, சுத்திப் போங்க" என்று ரக்‌ஷிதா கத்தினாள்.

"எத்தன அடி?"

"மூணு. பீச்சாங்கை பக்கமா ஒதுங்குங்க. இன்னும். போதும், நேரா. கொஞ்சம் வேகமா."

"வழுக்குதுடி."

"விழுந்தா எந்திரிக்க நேரமில்லக்கா. மெதுவாவே போங்க."

வாசலில் இன்னும் மூன்று பொம்மைகள் வரிசையில் நின்றன. "இலக்கியாவ விடுங்கப்பா" என்று மேடையின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கிடங்கில் மூன்று பொம்மைகளும் ஓரம் ஒதுங்கின. கோட்டுக்காரர் அதை வியப்போடு பார்த்தார். எந்திரங்கள் வழிவிடுவதை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

பொம்மை வாசலில் நின்றது. 'கண்ணைக் காட்டவும்' என்று எழுத்து வந்தது. இலக்கியா கண்ணை விரித்தாள். சிவப்பு. 'மீண்டும்.' சிவப்பு.

"என்னடி?"

"தண்ணியா வருதுக்கா. நிக்க மாட்டேங்குது."

"எம்மா, இந்த நேரத்துலயா? வெளிய வந்து அழு. எவ்வளவு வேணா அழு, நானும் வர்றேன். இப்ப மேல பாரு. சீலிங்க பாரு. தம்பி மூஞ்சிய நினைக்காத, அந்த இயக்குநர் மூஞ்சிய நினை."

இலக்கியா மூச்சை இழுத்தாள். கண்ணை விரித்தாள்.

பச்சை.

சதீஷ்குமாரின் கைபேசி முனகியது. "இலக்கியா, வெளியேறினார்" என்று வாசித்தார். அதற்குள் பவதாரிணி அவளை மடியிலிருந்து தள்ளிவிட்டு, கையுறையை உருவிக்கொண்டு மாப்பிள்ளை அறைக்கு ஓடினாள். நாலரை நிமிடம் மிச்சம்.

கதிரொளி கண்ணாடியை மாட்டி, முதுகு நிமிர்த்தி, நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தன்னை மடியில் வைத்துக்கொள்ளும்படி பவதாரிணியிடம் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பொம்மை மூன்று வருடமாக விறைத்திருந்தது. கைகுலுக்க நீட்டிய வலது கை மடங்கவே இல்லை. கால் மட்டும் வேலை செய்தது.

"எந்தப் பக்கம் சார்?"

"தற்போது நாம் கிடங்கின் வடமேற்கு மூலையில் இருப்பதாகத் தெரிகிறது."

"பக்கம் சொல்லுங்க சார்!"

"சற்றே இடப்புறமாக நகர்வது பொருத்தமாக இருக்கும் எனக் கருதுகிறேன்."

"எத்தன அடி?"

"ஏறத்தாழ... அதைத் துல்லியமாகக் கூற இயலாத நிலையில்..."

பொம்மை ஒரு தூணில் மோதியது.

"மேற்படி தூணைத் தவிர்த்து..."

"தூணு இருக்குன்னு முன்னாடி சொல்லணும் சார், இடிச்ச பிறகு சொல்லக் கூடாது!"

"வலப்புறம். இல்லை, முன்னர் குறிப்பிட்ட அதே இடப்புறம்."

அறை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். "சார், சோத்தாங்கைன்னு சொல்லுங்க சார்!" என்று ஹரிராஜ் கெஞ்சினான். கதிரொளியின் கழுத்தில் வியர்வை ஓடியது. வாய் திறந்தது. முப்பது வருடக் கோப்புகள் ஊறிய வாய். அந்தச் சொல் அதில் வரவில்லை.

"மேலும் முன்னோக்கி... மேலும்... வாசலுக்கு அண்மையில்..."

"எத்தன அடி சார்?"

"மூன்று" என்றார். அந்த மாலையில் அவர் சொன்ன முதல் சரியான சொல்.

கண்ணாடி இருண்டது.

கதிரொளி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியேறாதோர் பட்டியலை ஸ்கெல்மார் எந்த அலுவலகத்துக்கு அனுப்பும் என்று சதீஷ்குமார் மெல்ல நினைவூட்டினார். கதிரொளியின் அலுவலகத்துக்குத்தான்.

இலக்கியா அறைக்குள் வந்தாள். கையில் மருத்துவமனைக் குழு கேட்ட படிவம். அதை நீட்டவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். கதிரொளி நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற பவதாரிணியைப் பார்த்தார். பவதாரிணி கூரையைப் பார்த்தாள்.

"பேனா இருக்கிறதா?" என்றார் கதிரொளி.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு இலக்கியாவின் சிறுநீரகம் முகிலனின் உடம்பில் வேலை செய்யத் தொடங்கியது. 'மேற்படி நபர் இந்திய மண்ணில் என் முன்னிலையில் நேரில் தோன்றினார்' என்ற சான்றிதழை அனுமதிக் குழு கோப்பில் சேர்த்தது.

அதில் கையெழுத்திட்டவர் அன்று இந்தியாவில் இல்லை.